நான் பார்க்காத மொக்கைப் படம்

டிஸ்கி: இது சினிமா விமர்சனம் இல்லை. விமர்சனம் பண்ற தகுதி நமக்கு இருக்கான்னு சந்தேகம் வந்ததால எழுதுற பதிவு. கொஞ்சம் நீளம்தான். டீயோ காபியோ எடுத்துக்கிட்டு உட்காருங்க மக்களே.

ஒரு படத்தை இருபத்து நாலு வருஷமா திட்டியிருக்கேன். டீக்கடையில, ஆபீஸ்ல, ரயில்ல எதிர் சீட்டுக்காரர்கிட்ட, கல்யாண வீட்டுப் பந்தியில, எல்லா இடத்துலயும். "மொக்கைப் படம்னா அதுதாங்க மொக்கை" அப்படின்னு ஆரம்பிச்சா கால் மணி நேரம் நிறுத்தாம பேசுவேன். கேட்கிறவங்க விழுந்து விழுந்து சிரிப்பாங்க. படம் பேரு 'வாட்டர்வேர்ல்ட்'. 1995-ல் வந்த ஹாலிவுட் படம், கெவின் காஸ்ட்னர் நடிச்சது.

இதுல ஒரே ஒரு சின்னப் பிரச்சினை. அந்தப் படத்தை நான் பார்த்ததே இல்லை.

சரி, கொசுவத்தியைச் சுத்திடலாம்.

1999. திருவல்லிக்கேணியில ஒரு மேன்ஷன். ஒரு ரூமுக்கு மூணு கட்டில், நாலு பேர். அந்த நாலாவது ஆள் எங்கே படுப்பான்னு மேன்ஷன்ல இருந்தவங்களுக்குத் தெரியும் :-) நான் ஒரு ஆடிட்டர்கிட்ட ஆர்ட்டிகிள்ஷிப் பண்ணிட்டிருந்தேன். மேன்ஷன்ல யாருக்கும் சொந்தப் பேர் கிடையாது, ஊர்ப் பேர்தான். நான் கோயமுத்தூர். உதவி இயக்குநர் ஆகணும்னு கம்பெனி கம்பெனியா ஏறி இறங்கினவன் தேனி. அப்பா பருப்பு மண்டி வச்சிருந்தவன் விருதுநகர். கம்ப்யூட்டர் கோர்ஸ் படிக்க வந்தவன் மன்னார்குடி.

ராத்திரி மெஸ்ல சாப்பிட்டுட்டு மொட்டை மாடியில தண்ணி டேங்க் பக்கத்துல உட்கார்ந்தா பேச்சு பன்னெண்டு மணி வரைக்கும் போகும். கிரிக்கெட் கொஞ்சம், அரசியல் கொஞ்சம், மிச்சமெல்லாம் சினிமா. அதுலயும் நாங்க அதிகமா சண்டை போட்டது ஒரே கேள்விக்கு: ஊரே மொக்கைன்னு சொன்ன சயின்ஸ் ஃபிக்ஷன் படம் நிஜமாவே மொக்கையா, இல்லை ஊருக்குத்தான் புரியலையா?

தேனி ஒரு கட்சி. "காலம் தப்பி வந்த படங்கள்டா அதெல்லாம்" என்பான். விருதுநகர் எதிர்க்கட்சி. அவனுக்கு எல்லாமே கல்லாதான். "சரக்கு வித்துச்சா? விக்கலையா? விக்கலைன்னா அது சொத்தை. இதுல என்னடா காலம், நேரம்?" அவ்வளவுதான் அவன் விமர்சனம்.

தேனி எப்பவும் கையில எடுக்கிற ஆயுதம் 1982. அந்த வருஷம் ஜூன் 25-ம் தேதி, ஒரே நாள்ல அமெரிக்காவுல ரெண்டு படம் வந்துச்சு. ஒண்ணு ஜான் கார்பென்டரோட 'தி திங்'. இன்னொண்ணு ரிட்லி ஸ்காட்டோட 'பிளேடு ரன்னர்'. ரெண்டுமே அடி வாங்கிச்சு. காரணத்துல பாதி, ரெண்டு வாரம் முன்னாடி ஜூன் 11-ல வந்திருந்த ஸ்பீல்பெர்க்கோட 'ஈ.டி.'. குழந்தைகளோட சைக்கிள்ல பறக்கிற பாசக்கார வேற்றுக்கிரகவாசியைப் பார்த்துக் கண்ணு கலங்கின ஜனங்ககிட்ட, அண்டார்டிகாவுல ஆளை முழுங்கி ஆள் மாதிரியே வேஷம் போடுற பிராணியைக் கொண்டுவந்து விட்டா எப்படி இருக்கும்? விமர்சகர்கள் "அருவருப்பு"ன்னு தள்ளிட்டாங்க. 'தி திங்' படத்துக்கு இசை யாரு? என்னியோ மோரிக்கோனே! அந்த இசை, மட்டமான படங்களுக்குக் குடுக்கிற ராஸி விருதுக்கு, மோசமான இசைன்னு பரிந்துரை ஆச்சு.

(இதோட க்ளைமாக்ஸ் 1999-ல் எங்களுக்குத் தெரியாது. 'தி திங்'குக்காகப் போட்டு, அதுல பயன்படுத்தாம விட்ட இசையில கொஞ்சத்தை டாரண்டினோ தன்னோட 'தி ஹேட்ஃபுல் எயிட்' படத்துல எடுத்துக்கிட்டார். அந்தப் படத்து இசைக்கு 2016-ல் மோரிக்கோனேவுக்கு ஆஸ்கார் கிடைச்சுது!)

'பிளேடு ரன்னர்' கதை இன்னும் ஒரு மாதிரி. முன்னோட்டக் காட்சியில ஜனங்களுக்குப் புரியலைன்னு ஸ்டுடியோக்காரங்க பயந்துபோய், ஹாரிசன் ஃபோர்டை விட்டுப் பின்னணியில கதை சொல்ல வச்சாங்க. ஒரு சந்தோஷமான முடிவையும் ஒட்டினாங்க. அந்த முடிவுல வர்ற மலை, காடெல்லாம் குப்ரிக்கோட 'தி ஷைனிங்' படத்துக்காக எடுத்து மிஞ்சின ஃபிலிம். அப்படியும் ஓடலை. பத்து வருஷம் கழிச்சு 1992-ல் அந்தக் குரலையும் ஒட்டுப்போட்ட முடிவையும் எடுத்துட்டு வெளியிட்டாங்க. 1993-ல் அமெரிக்க அரசு பாதுகாக்க வேண்டிய படங்களோட பட்டியல்ல சேர்த்தாச்சு. 2007-ல் இயக்குநரே கடைசிப் பிரதின்னு ஒண்ணு குடுத்தார்.

இதையெல்லாம் தேனி மூச்சு விடாம சொல்லுவான். விருதுநகர் பீடியை அணைச்சுட்டு, "பேர்லயே பிளேடு இருக்கு. அறுக்காம என்னடா பண்ணும்?" என்பான். மாடியே சிரிக்கும். தேனி செருப்பைத் தேடுவான்.

நியாயமா பார்த்தா ரெண்டு பேர் சொன்னதும் பாதி சரி. ஊர் திட்டின படமெல்லாம் காவியம் ஆயிடாது. எட் வுட் 1950-களில் எடுத்த 'பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்' தெரியுமில்லையா? பெலா லுகோசி 1956-ல் இறந்துட்டார். அவரை வச்சு முன்னாடி எடுத்த கொஞ்ச ஃபிலிம்தான் கையில இருந்துச்சு. மிச்சத்துக்கு இன்னொருத்தரை முகத்தை அங்கியால மூடிக்கிட்டு நடக்கவிட்டு ஒப்பேத்தினார் எட் வுட். அந்த 'இன்னொருத்தர்' எட் வுட் மனைவியோட முதுகுவலி வைத்தியர்! கல்லறைக் கல் ஆடும், ஒரே காட்சியில பகலும் ராத்திரியும் மாறி மாறி வரும். 1980-ல் ஒரு புத்தகம் அதை உலகத்துலயே மோசமான படம்னு முடிசூட்டிச்சு. அதுக்கப்புறம்தான் ஜனங்க தேடித் தேடிப் பார்த்தாங்க. பாசம் வரலாம், ஆனா நல்ல படம்னு சொல்ல முடியாது.

2000-ல் வந்த 'பேட்டில்ஃபீல்டு எர்த்' இன்னொண்ணு. ஜான் டிரவோல்ட்டா சடை சடையா முடியோட வேற்றுக்கிரக அதிகாரியா வருவார். காட்சிக்குக் காட்சி கேமராவைச் சாய்ச்சே வச்சு எடுத்திருப்பாங்க. எனக்கு நடுவுல கழுத்து சுளுக்கிக்கிச்சு. திரைக்கதை எழுதினவங்கள்ல ஒருத்தர் 2010-ல் ராஸி மேடைக்கே நேர்ல வந்து, பத்தாண்டின் மோசமான படத்துக்கான விருதை வாங்கிக்கிட்டு, பத்திரிகையில மன்னிப்பும் எழுதினார். எழுதினவரே ஒத்துக்கிட்டப்புறம் நாம ஏன் வக்காலத்து வாங்கணும்? இதை முழுசா பார்த்துட்டுத்தான் சொல்றேன். சத்தியமா.

அப்போ வாட்டர்வேர்ல்ட்?

பைகிராப்ட்ஸ் ரோட்டுப் பிளாட்பாரத்துல பழைய புத்தகக் கடைகள் இருக்குமே, அங்கே ஒரு நாள் அஞ்சு ரூபாய்க்குப் பழைய இங்கிலீஷ் பத்திரிகை ஒண்ணு வாங்கினேன். உள்ளே இந்தப் படத்தைப் பத்தி நீளமா ஒரு கட்டுரை. ஹவாய் தீவுகிட்ட நடுக்கடல்ல மிதக்கும் ஊரையே இரும்புல செஞ்சாங்களாம். புயல்ல ஒரு செட் மூழ்கிப்போச்சாம். 10 கோடி டாலர்ல ஆரம்பிச்ச பட்ஜெட் 17.5 கோடியில போய் நின்னுச்சாம். அந்த நாள் வரைக்கும் உலகத்துலயே அதிகம் செலவான படம். டைரக்டர் கெவின் ரெனால்ட்ஸ் எடிட்டிங் நடக்கும்போதே காஸ்ட்னரோட மல்லுக்கட்டிட்டுக் கிளம்பிட்டாராம். படம் வர்றதுக்கு முன்னாடியே பத்திரிகைக்காரங்க அதுக்கு ரெண்டு பட்டப்பேர் வச்சிருந்தாங்க: 'ஃபிஷ்டார்', 'கெவின்ஸ் கேட்'. 'இஷ்டார்', 'ஹெவன்ஸ் கேட்'னு அதுக்கு முன்னாடி கையைச் சுட்ட ரெண்டு படங்களோட பேரைத் திரிச்சு வச்சது.

எனக்கு இது போதாதா? ஆர்ட்டிகிள்ஷிப் பையன், செலவுக்கணக்கைப் பார்த்தா விடுவேனா? அந்தக் கட்டுரையை மனப்பாடம் பண்ணிக்கிட்டேன். என்னோட வாட்டர்வேர்ல்ட் ஞானம் மொத்தமும் அந்த அஞ்சு ரூபாய்தான்.

ஒரு சனிக்கிழமை நான் ஊருக்குப் போயிருந்தேன். அன்னைக்கு ராத்திரி மேன்ஷன் வரவேற்பறை டிவியில, கேபிள்ல இந்தப் படம் ஓடியிருக்கு. மன்னார்குடி தனியா உட்கார்ந்து பார்த்திருக்கான். திங்கட்கிழமை ராத்திரி மாடியில பேச ஆரம்பிச்சான். அவன் பொதுவா பேசற ஆளே இல்லை. நாங்க மூணு பேரும் கத்துறதைக் கேட்டுக்கிட்டு டேங்க்ல சாய்ஞ்சு உட்கார்ந்திருப்பான். அன்னைக்கு அவனாவே ஆரம்பிச்சான்.

"ஒரு படம் பார்த்தேன்டா. உலகம் பூரா தண்ணி. நிலமே இல்லை. ஒருத்தன் படகுல மிதக்கும் ஊருக்கு வர்றான். விக்கிறதுக்கு என்ன கொண்டுவர்றான் தெரியுமா? ஒரு ஜாடி மண்ணு. அதைப் பார்த்து அத்தனை பேரும்..."

அவ்வளவுதான் அவனைப் பேசவிட்டேன்.

"வாட்டர்வேர்ல்டா? டேய், அந்த ஃபிஷ்டாரா!" அப்படின்னு ஆரம்பிச்சேன். 17.5 கோடி, மூழ்கின செட், ஓடிப்போன டைரக்டர்னு கட்டுரை மொத்தத்தையும் கொட்டினேன். தேனிகூட, "இல்லடா, டைட்டானிக் வர்றதுக்கு முன்னாடியும் இதே மாதிரிதான் எழுதினாங்க"ன்னு குறுக்கே வந்தான். நான் விடலை. விருதுநகர் சிரிச்சது எனக்கு ஏத்திவிட்டுச்சு. கடைசியா மன்னார்குடியைப் பார்த்து நான் விட்ட டயலாக் இது:

"மண்ணுக்குக் காசாம்! மாப்ளே, உங்க ஊர்ல வண்டி வண்டியா கெடக்குமேடா. நாலு லோடு அள்ளிட்டு வந்து காஸ்ட்னருக்கு வித்துடேன். கோடீஸ்வரன் ஆயிடலாம்!"

பக்கத்து ரூம்காரன் எல்லாம் கைதட்டினான். மன்னார்குடியும் சிரிச்சான்னுதான் நினைச்சேன். கொஞ்ச நேரத்துல, "தூக்கம் வருதுடா"ன்னு எழுந்து போயிட்டான்.

அதுக்கப்புறம் அவன் மாடிக்கு வர்றது குறைஞ்சுபோச்சு. பரீட்சைன்னு சொன்னான், நாங்களும் நம்பினோம். ரெண்டு மாசத்துல திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில வேலை கிடைச்சுதுன்னு பெட்டியைக் கட்டிட்டான். பொங்கலுக்கு வாழ்த்து அட்டை, அப்புறம் செல்போன், அப்புறம் வாட்ஸ்அப்னு தொடர்பு விட்டுப்போகலை. ஆனா எத்தனையோ பேசின நாங்க, சினிமாவைப் பத்தி மட்டும் பேசினதே இல்லை. நான் ஏதாவது படம் பேரைச் சொன்னா, "ஓ, அப்படியா"ன்னு முடிச்சிடுவான். நானும் அவனுக்குச் சினிமா ஆர்வம் போயிடுச்சு போலன்னு நினைச்சுக்கிட்டேன்.

கட் பண்ணா, 2023. சிங்கப்பூர்.

தங்கமணியும் பொண்ணும் சேர்ந்து போட்ட பிளான். யுனிவர்சல் ஸ்டுடியோஸ் போனோம். அங்கே 'வாட்டர்வேர்ல்ட்' பேர்லயே ஒரு ஷோ இருக்குன்னு போர்டு பார்த்ததும் எனக்குச் சிரிப்பு. "இந்த மொக்கைக்கு ஷோ வேறயா?"ன்னு ஆரம்பிச்சேன். பொண்ணு காதுலயே வாங்கலை, இழுத்துக்கிட்டுப் போயிட்டா.

போனா, குளத்தைச் சுத்தி துருப்பிடிச்ச தகரமும் கப்பல் சங்கிலியுமா ஒரு கோட்டை. தண்ணி ஸ்கூட்டர்ல சீறிட்டு வர்றாங்க, உச்சியிலேர்ந்து தீப்பிடிச்சுக்கிட்டு விழறாங்க, கடைசியில சுவரைத் தாண்டி ஒரு விமானமே வந்து தண்ணியில விழுது. முன் வரிசை மொத்தமும் தொப்பலா நனைஞ்சுது, எங்களையும் சேர்த்து. முடிஞ்சு வெளிய வரும்போது என் பொண்ணு தலையைத் துவட்டிக்கிட்டே கேட்டா:

"அப்பா, இந்தப் படம் எப்படிப்பா இருக்கும்?"

"மொக்கைம்மா."

"எதனால மொக்கை?"

"அது... ரொம்பச் செலவு பண்ணிட்டாங்க."

"செலவு பண்ணா மொக்கையாப்பா? கதை என்ன?"

உலகம் பூரா தண்ணின்னு சொன்னேன். அப்புறம்? ஒருத்தன் படகுல வருவான்னு சொன்னேன். அப்புறம்? ஒரு ஜாடி மண்ணுன்னு சொன்னேன். அதுக்கப்புறம் எனக்கு ஒண்ணும் தெரியலை. எனக்குத் தெரிஞ்ச கதை, மன்னார்குடி பேச ஆரம்பிச்சு நான் வெட்டின இடத்தோட நின்னுபோச்சு. "ஏங்க, நீங்க படத்தைப் பார்த்தீங்களா இல்லையா?"ன்னு தங்கமணி சரியா பிடிச்சாங்க. எச்சி முழுங்கினேன்.

அந்த ஷோவைப் பத்தி ஒரு தகவல். படம் வந்த 1995-லேயே ஹாலிவுட் யுனிவர்சல்ல அதை ஆரம்பிச்சுட்டாங்க. ஒசாகாவுல 2001-லேர்ந்து இருக்கு. உலகமே கழுவி ஊத்தின படம், நாலு நாட்டுல விசில் வாங்குது.

ஊருக்கு வந்ததும் படத்தை முதல் முறையா உட்கார்ந்து பார்த்தேன்.

நேர்மையா சொல்றேன். முதல் முக்கால் மணி நேரம் அசந்துட்டேன். இப்ப வர்ற படங்கள்ல கடலே கம்ப்யூட்டர்லதான் இருக்கும். இதுல கடல் நிஜம், வெயில் நிஜம், அந்த மூணு அடித்தட்டுப் படகு பாயை விரிச்சுக் கிளம்புறது நிஜம். கேமரா டீன் செம்லர், 'மேட் மேக்ஸ் 2' எடுத்தவர். பாலைவனத்துல பண்ணினதைத் தண்ணியில பண்ணியிருக்கார். படகுல ஒரு தொட்டியில குட்டிச் செடியை வளர்க்கிற காஸ்ட்னர், முதுகுல வரைபடத்தைப் பச்சைகுத்தின சின்னப் பொண்ணு, எக்ஸான் வால்டெஸ் எண்ணெய்க் கப்பலை, அதான் 1989-ல் அலாஸ்கா கடலை நாசம் பண்ணின அதே கப்பலை, கொள்ளைக்காரங்க துடுப்பு போட்டுத் தள்ளுறதுன்னு யோசிச்சு வச்சிருக்காங்க.

அந்த மண்ணு எங்கேர்ந்து வருதுன்னு ஹீரோ, ஹெலனைத் தண்ணிக்கடியில கூட்டிட்டுப் போய்க் காட்டுவான். கீழே மூழ்கிக் கிடக்கும் ஒரு நகரம். அங்கே அள்ளின மண்ணுதான் அது. 'எங்கேயோ நிலம் இருக்கு'ன்னு நம்பிக்கிட்டிருந்தவ முகம் அங்கே மாறும் பாருங்க, அதுக்கு 17.5 கோடி குடுக்கலாம்.

அப்புறம் சறுக்கும். டென்னிஸ் ஹாப்பர் ஒத்தைக் கண்ணு வில்லனா வந்து போடுற சத்தம் இருக்கே, ராஸி கொடுத்தது தப்பே இல்லை. பின்பாதி மொத்தமும் துரத்தல், குண்டு, துரத்தல். அறிவியலும் உதைக்கும். உலகத்துல இருக்கிற பனி அத்தனையும் உருகினாலும் கடல் மட்டம் சுமார் 70 மீட்டர்தான் ஏறும். சென்னை போயிடும், நாகப்பட்டினம் போயிடும். எங்க கோயமுத்தூர் 400 மீட்டர் உயரத்துல ஜம்முனு இருக்கும் :-) தொலைக்காட்சிக்காக நீட்டின பிரதியில, கடைசியா அவங்க கண்டுபிடிக்கிற நிலத்துல ஒரு பலகை இருக்கும். ஹிலாரியும் டென்சிங்கும் ஏறின எவரெஸ்ட்தான் அதுன்னு தெரியவரும். 8,849 மீட்டர் மலைக்குத் தண்ணிக்கு எங்கே போவீங்க சாமி?

ஆக, காவியம் இல்லை. ஆனா நான் இருபத்து நாலு வருஷம் சொன்ன மாதிரி குப்பையும் இல்லை. வசூலைப் பார்த்தாலும் அமெரிக்காவுல 8.8 கோடி டாலர்தான், ஆனா உலகம் முழுக்கச் சேர்த்து 26 கோடிக்கு மேல. விளம்பரம், தியேட்டர் பங்கு போனா தியேட்டர்ல லாபம்னு சொல்ல முடியாது. ஆனா நான் ஊதின அளவுக்கு மகா மூழ்கலும் கிடையாது. தேனி அன்னைக்கே சொன்னானே டைட்டானிக், அதுக்கு 20 கோடி செலவு. ஜூலையில வரவேண்டிய படம் 1997 டிசம்பருக்குத் தள்ளிப்போச்சு. இதுவும் மூழ்கும்னு அப்பவும் எழுதினாங்க. 11 ஆஸ்கார் வாங்கினதும் அந்தச் செலவெல்லாம் 'துணிச்சல்' ஆயிடுச்சு. வாட்டர்வேர்ல்டுக்கு அது 'திமிர்'னே நின்னுபோச்சு. படத்தோட கெட்ட பேர்ல பாதி, படம் சம்பாதிச்சது. மீதிப் பாதி, படம் வர்றதுக்கு முன்னாடியே யாரோ எழுதி வச்சது. அந்த மீதிப் பாதியைத்தான் நான் ஊர் ஊரா சுமந்துட்டுப் போயிருக்கேன்.

ராத்திரி பதினோரு மணி இருக்கும். மன்னார்குடிக்குப் போன் போட்டேன்.

"என்னடா இந்நேரத்துல? எல்லாரும் நல்லாருக்கீங்கல்ல?"

"நல்லாருக்கோம்டா. வாட்டர்வேர்ல்ட் பார்த்தேன்."

"எத்தனாவது தடவை?"

"முதல் தடவை."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. "அப்ப அன்னைக்கு மாடியில...?"

"புக்ல படிச்சதுடா. படம் பார்க்கலை."

"அடப்பாவி!"ன்னு சிரிச்சான். ரொம்ப நேரம் சிரிச்சான். எனக்கு உசுரே வந்துச்சு. தைரியமா, "நீ சொன்னது சரிடா, படம் நல்லாத்தான் இருக்கு"ன்னேன்.

"நல்லாருக்குன்னு நான் எங்கடா சொன்னேன்? சுமாரான படம்தான். ஒத்தைக் கண்ணன் வந்ததுக்கு அப்புறம் நானே தூங்கிட்டேன். மேன்ஷன் வாட்ச்மேன்தான் எழுப்பிவிட்டாரு. நான் அந்த மண்ணு சீனைத்தான் சொல்ல வந்தேன். நீ எங்கே விட்ட?"

"சரி, இப்ப சொல்லு."

கொஞ்சம் யோசிச்சுட்டுத்தான் சொன்னான். அந்த வாரம் அவன் அப்பாகிட்டேர்ந்து லெட்டர் வந்திருக்கு. ஆறு மா நிலத்தைக் கிரயம் பண்ணிக் கொடுத்துட்டாங்க. அக்கா கல்யாணத்துக்கு வாங்கின கடன். லெட்டர்ல அதை ரெண்டே வரியில எழுதிட்டு, உடம்பைப் பார்த்துக்கோன்னு முடிச்சிருந்தாராம். யார்கிட்டயும் சொல்லலை. சனிக்கிழமை ராத்திரி தூக்கம் வராம கீழே வந்து டிவி முன்னாடி உட்கார்ந்திருக்கான். பார்த்தா, அந்த ஜாடியைத் திறந்து மண்ணை மோந்து பார்க்கிறாங்க, தராசுல வைக்கிறாங்க, காசை எண்ணுறாங்க.

"எங்கப்பா கிரயம் முடிச்சுட்டு வயலுக்குப் போயிருப்பாருல்லடா, அதுதான் எனக்கு ஞாபகம் வந்துச்சு. அதைத்தான் உங்ககிட்ட சொல்லலாம்னு வந்தேன். படத்தைச் சொல்லி ஆரம்பிச்சா, நம்ம கதையையும் சொல்லிடலாம்னு."

நான் விட்ட டயலாக் எனக்கு வார்த்தை மாறாம ஞாபகம் வந்துச்சு. நாலு லோடு அள்ளிட்டு வந்து வித்துடேன்.

"மன்னிச்சுடுடா"ன்னு சொன்னேன். குரல் சரியா வரலை.

"ச்சே, கோவமெல்லாம் இல்லைடா. உனக்கு என்ன தெரியும், நான்தான் சொல்லவே இல்லையே. ஆனா அதுக்கப்புறம் உங்ககூட படம் பத்திப் பேசணும்னு தோணலை, அவ்வளவுதான்." அப்புறம் அவனே பேச்சை மாத்தினான். "கடைசியில பார்த்தியா? அத்தனை கஷ்டப்பட்டு நிலத்தைக் கண்டுபிடிச்சுட்டு, அவன் மட்டும் திரும்பக் கடலுக்கே போயிடுறான். தரையில நிக்க முடியலை அவனால. நானும் இப்ப ஊருக்குப் போனா ரெண்டு நாளைக்கு மேல இருக்க முடியலைடா. திருப்பூர் இரைச்சல் இல்லாம தூக்கம் வரமாட்டேங்குது."

படத்துல பாதி தூங்கினவனுக்கு முடிவு எப்படித் தெரியும்னு எனக்கு அப்புறம்தான் உறைச்சுது. கேட்டேன். இன்னும் ரெண்டு தடவை பார்த்திருக்கானாம். யார்கிட்டயும் சொல்லாம.

அன்னைக்கு ராத்திரி ஒரு மணி வரைக்கும் பேசினோம். 'தி திங்', 'பிளேடு ரன்னர்', நம்ம 1986 'விக்ரம்' வரைக்கும் போச்சு. சுஜாதா எழுதியும் அது ஏன் எதிர்பார்த்த மாதிரி ஓடலைன்னு அவனுக்கு ஒரு தனித் தியரி இருக்கு. இருபத்து நாலு வருஷம் பேசாம வச்சிருந்த படங்களையெல்லாம் அவிழ்த்துவிட்டான். சினிமா ஆர்வம் போயிடுச்சுன்னு நான் நினைச்சேன் பாருங்க, எங்க நாலு பேர்லயும் அதிகமா படம் பார்த்தவன் அவன்தான்.

இப்பவும் நான் படங்களைத் திட்டுறதை நிறுத்தலை. காசு குடுத்துப் பார்க்கிறோம், திட்டுறதுக்கு நமக்கு உரிமை இருக்கு. பேட்டில்ஃபீல்டு எர்த் மொக்கைன்னு எந்தக் கோர்ட்டுல வேணும்னாலும் வந்து சொல்லுவேன். ஆனா ஒரு படத்தை வாய் திறந்து மொக்கைன்னு சொல்றதுக்கு முன்னாடி, இது நான் பார்த்ததா, இல்லை யாரோ எழுதினதான்னு ஒரு நொடி யோசிக்கிறேன். எதிர்ல ஒருத்தர் "ஒரு படம் பார்த்தேன்"னு ஆரம்பிச்சா, படம் பேரைக் கேட்டதும் பாய்றதை விட்டுட்டு, எந்த சீன் பிடிச்சுதுன்னு கேட்கிறேன். படத்துக்கு நியாயம் கிடைக்குதோ இல்லையோ, சொல்ல வந்தவர் சொல்லி முடிப்பாரில்லையா?

அடுத்த மாசம் மன்னார்குடி குடும்பத்தோட கோயமுத்தூர் வர்றான். தேனிக்கும் விருதுநகருக்கும் சொல்லியாச்சு. பார்க்காத படத்தை இருபத்து நாலு வருஷம் திட்டினதுக்கு எனக்குத் தண்டனையும் முடிவு பண்ணிட்டான்: எல்லார் முன்னாடியும் உட்கார்ந்து பேட்டில்ஃபீல்டு எர்த்தை இன்னொரு தடவை முழுசா பார்க்கணுமாம்.

கழுத்துக்குத் தைலம் வாங்கி வச்சிருக்கேன்.

சரி மக்களே, நீங்க சொல்லுங்க. ஊரே திட்டி, உங்களுக்கு மட்டும் பிடிச்ச படம் எது? எந்த சீன்? நான் குறுக்கே பேசமாட்டேன். இப்போதைக்கு அப்பீட்டு.